ஒரு டவுட் கேட்கப் போனேன்

கணக்குக் கேட்கப் போவது நான்தான் என்று முடிவானபோது முதலில் பயம்தான் வந்தது. அதற்கப்புறம் வந்த சந்தோஷத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், நாலு பேர் சேர்ந்தாற்போல் நிமிர்ந்து பார்த்தாலே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறவள், அமெரிக்காவில் ஒரு மீட்டிங்கில் எழுந்து நின்று இங்கிலீஷில் பேசப் போகிறேன் என்றால் உள்ளுக்குள் துள்ளாமல் இருக்குமா?

அப்போது நாங்கள் கலிபோர்னியாவின் சன்னிவேலில் ஒரு டவுன்ஹவுஸில் இருந்தோம். ரயில்பெட்டி மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வீடுகள். சுவருக்கு உள்ளே இருப்பது நம்முடையது. கூரை, வாசல் புல், நீச்சல் குளம், நடைபாதை விளக்கு எல்லாம் பொது. பொதுவானதைப் பார்த்துக்கொள்ள ஓர் அசோசியேஷன். மாதாமாதம் ஒவ்வொரு வீட்டுக்காரரும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். என் மருமகன் செக் எழுதி அனுப்பிவிடுவார். அந்தப் பணம் எங்கே போகிறது, என்ன ஆகிறது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. குளம் நீலமாக இருக்கிறது, புல் பச்சையாக இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று இருந்துவிட்டோம்.

ஊரில் எனக்கென்று இருந்த ஒரு மனையை விற்று, அந்தப் பணத்தை இந்த வீட்டு முன்பணத்துக்குக் கொடுத்திருந்தேன். மருமகன் விடாப்பிடியாக என் பெயரையும் பத்திரத்தில் சேர்த்துவிட்டார். "உங்க காசு போட்டிருக்கீங்க. உங்க பேரு இல்லாம எப்படீங்க அத்தை?" என்றார். மாப்பிள்ளை வீட்டில் மாமியார் பெயர் எதற்கு என்று எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. தமிழில் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தால் நானும் அசோசியேஷன் மெம்பர் ஆகிவிட்டேன் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிய வந்தது பக்கத்து வீட்டுப் பெண்ணால்.

எங்கள் சுவரை ஒட்டிய வீட்டில் அவள் வாடகைக்கு இருந்தாள். இலங்கைக்காரி. நாற்பது வயதிருக்கும், தனியாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை. யாழ்ப்பாணத்தில் பிறந்த வீடு போய், கொழும்பில் குடியிருந்த வீடு போய், கனடாவில் அக்கா வீட்டு பேஸ்மென்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு இங்கே வந்தவள். என்னை அன்ரி என்று கூப்பிடுவாள். ஆரம்பத்தில் அவள் பேசுவது எனக்குப் பாதிதான் விளங்கும். "நீங்கள் கதைக்கிறது எனக்கு முழுக்க விளங்குது அன்ரி. நாங்கள் உங்கட படம் எல்லாம் பாக்கிறனாங்கள். நீங்கள்தான் எங்கட ஒண்டையும் பாக்கிறேல்லை" என்று குத்திக் காட்டுவாள்.

ஒரு சனிக்கிழமை காலையில் நான் இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது அவள் பின்பக்கக் கதவைத் தட்டினாள். முகம் வீங்கியிருந்தது. கிரைண்டரை நிறுத்தச் சொல்லி என் மகள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

விஷயம் இதுதான். அவள் வீட்டு ஓனர் வேறு மாநிலத்தில் இருக்கிறார். வீட்டை விற்கப் போகிறாராம். இத்தனை வருடம் வாடகை தவறாமல் கொடுத்தவள் என்பதால் முதலில் அவளுக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் வரும் வெள்ளிக்கிழமைக்குள் பேங்க் லோன் தருவதாகச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் ரொக்கமாகக் கொடுக்க இன்னொருவர் தயாராக இருக்கிறார். பேங்கில் எல்லாம் சரியாகிவிட்டது, ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அசோசியேஷன் கணக்கைக் காட்டு என்கிறார்கள். நாளைக்குக் கூரை ஒழுகினால் சரி பண்ண அசோசியேஷனிடம் காசு இருக்கிறதா, இல்லை வீடு வாங்கியவள் தலையில் கட்டுவார்களா என்று பேங்குக்குத் தெரிய வேண்டுமாம்.

அவள் அசோசியேஷன் ஆபீஸுக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். வெளியாளுக்குத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஓனர் கேட்டால் தருவார்கள். ஓனரோ போனை எடுக்கவில்லை. ரொக்கக்காரர் காத்திருக்கும்போது அவருக்கு என்ன அவசரம்?

"மெம்பர் எண்டால்தான் கணக்குத் தருவினமாம். வீடு வாங்கினால்தான் மெம்பர். கணக்குக் காட்டினால்தான் வீடு வாங்கலாம். இதென்ன அன்ரி, என்னை வச்சு விளையாடுகினமோ?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு இனியும் ஒரு வீடு மாற ஏலாது."

என் மகள் உடனே ஆபீஸுக்குப் போன் பண்ணினாள். போனில் பேசிய பெண், கணக்கெல்லாம் ட்ரெஷரரிடம் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் மெம்பர் யாராவது நேரில் வந்து கேளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"செவ்வாய்க்கிழமை எனக்கு ரிலீஸ் அக்கா, ஆபீஸை விட்டு நகர முடியாது. அவரும் ஆபீஸ் வேலையா டெக்ஸாஸ்ல இருக்கார்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்த மகள், சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "அம்மா! நீ மெம்பர்தானே!"

"நானா?"

"உன் பேரும் வீட்டுப் பத்திரத்துல இருக்குல்ல? நீ போம்மா!"

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகளுக்கு அடிக்கடி ரிலீஸ் வரும். சினிமாப் படம் மாதிரி என்னவோ வெளியே விடுகிறார்கள் போல என்று நினைத்துக்கொள்வேன். அன்றைக்கு அந்த ரிலீஸின் மேல் எனக்குக் கோபம் வந்தது. கணக்குக் கேட்கிறதாவது! எங்கள் பக்கம் ஒரு ஆளிடம் போய்க் கணக்குக் கேட்டால், நீ எடுத்துத் தின்றுவிட்டாய் என்று சொல்வதற்குச் சமம். எங்கள் ஊர்க் கோயில் கமிட்டியில் கணக்குக் கேட்டவரும் கணக்கு வைத்திருந்தவரும் அதற்கப்புறம் ஒரு கல்யாணத்திலும் ஒரே பந்தியில் உட்காரவில்லை. கணக்கைத் தானாக வாசித்தால் கேட்டுக்கொள்ளலாம். வாயைத் திறந்து கேட்கக் கூடாது.

அன்று சாயங்காலம் மருமகன் டெக்ஸாஸிலிருந்து போன் பண்ணினார். வழக்கமாக ரெண்டு வார்த்தை பேசிவிட்டு மகளிடம் கொடுத்துவிடுவேன். அன்றைக்கு நானே பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங் மாப்பிள்ளை, நான் போய்க் கணக்குக் கேட்டா ஒண்ணும் தப்பா நெனச்சுக்க மாட்டாங்களுங்களா? உங்களுக்குக் கிரீன் கார்டு வேற வரணுமுங்க."

சிரித்தார். "கிரீன் கார்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க அத்தை. கணக்குக் குடுன்னு கேட்டாத்தானுங்க தப்பா இருக்கும். நாங்க காலேஜ்ல வாத்தியார்கிட்ட கேக்கற மாதிரி பதவிசா கேளுங்க. ஐ ஹேவ் எ டவுட் இன் தி அக்கவுண்ட்ஸ். அவ்வளவுதான். அவங்களே எடுத்துக் காட்டிருவாங்க."

"என்ன டவுட்டுன்னு கேட்டா?"

"ஸ்மால் டவுட், சார்னு சொல்லுங்க. கூட அந்த அக்கா வர்றாங்கல்ல, மீதியை அவங்க பேசிக்குவாங்க."

எங்களுக்கெல்லாம் அது ரொம்ப மரியாதையான வாக்கியமாகத்தான் பட்டது. மகளுக்கும் பட்டது, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் பட்டது. அவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் கையைத் தூக்கி, மிஸ், ஒரு டவுட் என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே.

ஞாயிறும் திங்களும் நான் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். பாத்திரம் தேய்க்கும்போது, துணி மடிக்கும்போது, பால் பொங்கும்போது. பக்கத்து வீட்டுப் பெண் ட்யூட்டி முடிந்து வந்து எங்கள் சமையலறையில் நின்று வாத்தியார் மாதிரி கேட்பாள்.

"டவுட்டு இல்லை அன்ரி. டவுட். கடைசியிலே ஒண்டும் வராது."

"டவுட்."

"சத்தமாச் சொல்லுங்கோ. பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடுறியளே?"

"ஐ ஹேவ் எ டவுட் இன் தி அக்கவுண்ட்ஸ்!" என்று நான் கத்த, அவள் மேசையைத் தட்டிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் அவள் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போகும், அதற்குக் கீழே தொங்கும் காலண்டருக்குப் போகும். வெள்ளிக்கிழமை அங்கேதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். வெயில் இன்னும் இறங்கவில்லை. நான் மாம்பழக் கலர்ப் பட்டுச்சேலை கட்டி, மேலே ஸ்வெட்டர் போட்டு, காலில் ஸ்னீக்கர்ஸ் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அன்ரி, பொம்பிளை பாக்கவோ போறம்?"

"மீட்டிங்குன்னா சும்மாவா கண்ணு?" என்றேன்.

குளத்துக்குப் பக்கத்தில் கிளப் ஹவுஸ் என்று ஒரு கூடம். குளோரின் வாசனை. மடக்கு நாற்காலிகள், ஓரத்தில் ஒரு தட்டு நிறைய குக்கீ. முன்னால் மேசையில் பிரசிடெண்ட் அம்மா, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பக்கத்தில் ட்ரெஷரர். என் வயதுக்காரர், பேண்ட்டுக்குத் தோளில் வார் மாட்டிய வெள்ளைக்காரர். சம்பளம் இல்லாத வேலை அது என்று பக்கத்து வீட்டுப் பெண் என் காதில் சொன்னாள். நாய் அசிங்கம் பண்ணுவதைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். கார் நிறுத்துவதைப் பற்றி அதைவிட நேரம் பேசினார்கள். நான் பயத்தில் என் வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அது பயம் மட்டும் இல்லை. திருவிழாவில் ராட்டினம் மேலே ஏறி, இறங்குவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நிற்குமே, அந்த மாதிரி.

"எனி க்வெஸ்டின்ஸ்?" என்றார் பிரசிடெண்ட் அம்மா.

அவள் என் முழங்கையில் இடித்தாள். நான் எழுந்தேன்.

"சார்! ஐ ஹேவ் எ டவுட் இன் தி அக்கவுண்ட்ஸ்!"

ஒரு எழுத்துப் பிசகவில்லை. குரலும் கணீரென்று வந்தது. கூடம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது, நான் முந்தானையைத் தொடக்கூட இல்லை.

ட்ரெஷரர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் கழுத்து சிவந்தது, அப்புறம் காது சிவந்தது.

"யூ டவுட் மை அக்கவுண்ட்ஸ்?"

சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். "எஸ் சார்!" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"வாட் டவுட்?"

இதற்கும் நான் தயாராகத்தானே வந்திருந்தேன்! "ஸ்மால் டவுட், சார்." அவர் முகம் இன்னும் இறுகியது. நான் எனக்காக மட்டும் கேட்பதாக நினைத்துக்கொள்கிறார் போல என்று, சொல்லித் தராத ஒன்றையும் சொந்தமாகச் சேர்த்தேன். பக்கத்தில் இருந்தவளைக் கைகாட்டி, "ஷீ ஆல்ஸோ டவுட்" என்றேன்.

பின்வரிசையில் ஒரு சீனாக்காரர் எழுந்தார். "மீ டூ," என்றார். கணக்கைக் கண்ணால் பார்த்து வெகுகாலம் ஆகிறது என்று அவர் பொரிந்து தள்ளினாராம், அவள் அப்புறம் சொன்னாள். இன்னொரு பெண்ணும் எழுந்தாள். கூடம் சலசலத்தது. ட்ரெஷரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, யாரையும் பார்க்காமல் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

"அன்ரி," அவள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள், "ஏதோ பிழைச்சுப் போச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோயில் கமிட்டிதான். அதேதான் நடந்துவிட்டது. இவ்வளவு பதவிசாகக் கேட்டும் மனுஷருக்கு ரோஷம் வந்துவிட்டது. இனி யார் கணக்குத் தருவார்கள்? இவள் வீடு என் வாயால் போயிற்று. புல்லைக் குறுக்கே கடந்து அவர் தன் வீட்டுக்குள் நுழைவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். உட்காரவும் தோன்றவில்லை.

பிரசிடெண்ட் அம்மா மீட்டிங்கை முடித்துவிடலாமா என்று பேச்செடுத்தபோது ஒரு கடகட சத்தம் கேட்டது. ட்ரெஷரர் வந்துகொண்டிருந்தார். குழந்தைகளை உட்காரவைத்து இழுக்கிற சின்னச் சிவப்பு வண்டியில் அட்டைப் பெட்டிகளை அடுக்கி இழுத்துக்கொண்டு வந்தார். உள்ளே வந்து ஒவ்வொன்றாக மேசையிலும் தரையிலும் இறக்கினார்.

"கம்! லுக்! ஆல் ஆஃப் யூ!"

எல்லோரும் சந்தைக்கடை மாதிரி மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார், பக்கத்து நாற்காலியைக் காட்டினார். நான் பதறிக்கொண்டு போனதில் தரையில் இருந்த ஒரு பெட்டி என் கால் பட்டுச் சாய்ந்தது. உள்ளே இருந்த காகிதங்கள் என் ஸ்னீக்கர்ஸ் மேலேயே சரிந்தன. எனக்கு உடம்பு கூசிவிட்டது. குனிந்து, அந்தக் காகிதங்களைத் தொட்டுத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். யோசித்துச் செய்ததில்லை, கை தானாகப் போயிற்று.

அவர் அப்படியே நின்றுவிட்டார். என்ன செய்கிறாள் இவள் என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டார்.

எங்கள் ஜனங்கள் எழுத்து உள்ள காகிதத்தைக் காலால் தொட மாட்டார்கள், தவறிப் பட்டுவிட்டால் இப்படி மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள் என்று அவள் இங்கிலீஷில் சொன்னாள். கிறிஸ்தவப் பெண்தான், ஆனாலும் அவளும் அப்படித்தான் செய்வாளாம்.

புல் வெட்டின பில்லுக்கா இதெல்லாம் என்று கேட்டாராம்.

அது எந்த பில்லாக இருந்தால் என்ன? எழுத்து எழுத்துதானே.

அந்த மனுஷர் மெதுவாக உட்கார்ந்தார். அவர் முகத்திலிருந்த சிவப்பு இறங்கியது. தான் திருடன் என்று சொல்ல வந்தவள் தன் பில்களைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள மாட்டாள் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். "ஸோ வாட் இஸ் யுவர் டவுட்?" என்று மறுபடியும் கேட்டார், இந்தத் தடவை மிருதுவாக. அவள் முந்திக்கொண்டு முழுக்கதையையும் சொன்னாள். ஓனர், பேங்க், வெள்ளிக்கிழமை எல்லாம். கேட்கக் கேட்க அவர் வாய் சிரிப்பில் விரிந்தது.

"க்வெஸ்டின்! யூ மீன் க்வெஸ்டின்!" என்று மேசையில் அடித்துச் சிரித்தார். எங்கள் இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. இவர்கள் ஊரில் டவுட் என்றால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தமாம்! உன் கணக்கை நான் நம்பவில்லை, ஆனால் கொஞ்சமாகத்தான் நம்பவில்லை, இவளும் நம்பவில்லை என்று ஒரு பெரிய மனுஷரிடம், கூட்டத்துக்கு நடுவில், சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அவள் முந்தானை இல்லாத குறைக்குக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவர் என்னை விடவில்லை. கூரைக்கு நீல ஃபைல், குளத்துக்குப் பச்சை ஃபைல், ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். விருந்து சமைத்து வைத்துவிட்டு, யாரும் வராமல் இலையோரம் உட்கார்ந்திருந்தவர் மாதிரி இருந்தார் அவர். நான் "வெரி நீட், சார், வெரி நீட்" என்றேன். நிஜமாகவே அவ்வளவு சுத்தமாக இருந்தது.

கணக்கின் ஜெராக்ஸ் காப்பி தருவதில்தான் சிக்கல் வந்தது. மெம்பர் அல்லாதவர் கைக்குக் கணக்குப் போகக் கூடாது என்றார் பிரசிடெண்ட் அம்மா. கூரைக்கு என்று ஒதுக்கியது கொஞ்சம் குறைவாக இருக்கிறது, வெளியாட்கள் பார்த்தால் வீட்டு விலை இறங்கும் என்பது அவர் பயம். ட்ரெஷரர் விடவில்லை. குறைவாக இருந்தால் சேர்ப்போம், மறைத்து வைத்தால் கூரை ஒழுகாமல் இருக்குமா என்று கேட்டாராம். தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட போர்டு ஒன்று இருந்தது. மாதாமாதம் கணக்கை அதில் ஒட்டுவோம், மெம்பரோ வழியில் போகிறவரோ யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், கேட்டவருக்குக் காப்பியும் கொடுப்போம் என்றார். சீனாக்காரர் கை தட்டினார். ஓட்டுக்கு விட்டார்கள்.

நான் கையைத் தூக்கினேன். பக்கத்தில் அவளும் தூக்கிவிட்டாள். மெம்பர் இல்லாதவர்கள் தூக்கக் கூடாது என்று சொல்லி அவள் கையை இறக்கச் சொன்னார்கள். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ, என் இடது கையையும் தூக்கினேன்.

"ஒன் ஹேண்ட், மேம்" என்றார் எண்ணிக்கொண்டிருந்தவர்.

கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஒற்றைக் கையோடேயே நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

மறுநாள் காலையில் ட்ரெஷரரே காப்பியை ஒரு பெரிய கவரில் போட்டு எடுத்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார். டம்ளர் டபராவில் காபி கொடுத்தேன். அதை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் கையைச் சுட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண் ஆஸ்பத்திரி மெஷினிலிருந்து எல்லாத் தாளையும் பேங்குக்கு ஃபேக்ஸ் அனுப்பினாள். டெக்ஸாஸிலிருந்து மருமகன் கேட்டுவிட்டு, "அப்போ இத்தனை வருஷமா ஆபீஸ்ல என் மேனேஜர்கிட்ட தினமும் டவுட், டவுட்னு சொல்லிட்டிருந்தேனுங்களே அத்தை!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்ட சத்தம் போனிலேயே கேட்டது.

வியாழக்கிழமை பேங்கிலிருந்து ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை அவள் லீவு போட்டுவிட்டுப் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நானும் போய்க் கூட உட்கார்ந்தேன். மத்தியானம் சாப்பிடச் சொன்னேன், தலையை ஆட்டினாள். போன் அடித்தபோது அவள் எடுக்கவே இல்லை, என்னைப் பார்த்தாள். நான் எடுத்து "ஹலோ" என்று சொல்லி அவள் காதில் வைத்தேன். "ஓம்... யெஸ்... யெஸ்..." என்றாள். அப்புறம் ரிசீவரைக் கையில் பிடித்தபடியே என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பக்கம் பேங்க்காரப் பெண் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

அடுத்த மாதம் பத்திரத்தில் கையெழுத்தானது. அன்று பின்னேரம் அவள் எங்கள் பின்பக்கக் கதவைத் தட்டினாள்.

"அன்ரி, சுத்தியல் இருக்கே?"

எடுத்துக் கொடுத்தேன். வாடகை வீட்டுச் சுவரில் ஓட்டை போடக் கூடாது என்று இத்தனை வருடம் அவள் ஒரே ஓர் ஆணிகூட அடித்ததில்லையாம். மாதா படத்தை அலமாரி மேல் சாய்த்துத்தான் வைத்திருந்தாளாம். நான் சமையலறையில் நின்று காதைச் சுவரில் வைத்துக்கொண்டேன். டக், டக் என்று மெதுவாக ஆரம்பித்தது. அப்புறம் எங்கள் பக்கத்து அலமாரியில் டம்ளர்கள் குலுங்குகிற அளவுக்கு அடித்தாள்.

"அடி கண்ணு! நல்லா அடி!" என்று நான் இந்தப் பக்கத்திலிருந்து கத்தினேன்.